சித்தியைத் தெரியும், ஓட்டு வேற

2024 நாடாளுமன்றத் தேர்தலில் எங்கள் விருதுநகர் தொகுதியில் நடிகை ராதிகா நின்றார். முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். காங்கிரஸின் மாணிக்கம் தாகூருக்கு 3,85,256 ஓட்டு. விஜயகாந்த் மகன் விஜய பிரபாகரனுக்கு 3,80,877. வித்தியாசம் வெறும் 4,379 என்பதால் தமிழ்நாடே அந்த இரண்டு பேரைப் பற்றித்தான் பேசியது. 1,66,271 ஓட்டோடு மூன்றாவதாக வந்த ராதிகாவை யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஓட்டு எண்ணுவதற்கு முந்தைய நாள் அவர் கணவர் சரத்குமார் விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோயிலில் அங்கப்பிரதட்சணம் செய்த வீடியோ மட்டும் வாட்ஸ்அப்பில் கொஞ்ச நாள் சுற்றியது.

சென்னையில் இருக்கும் தோழி ஒருத்தி முடிவு வந்த அன்றைக்கு ராத்திரி போன் போட்டு, "ஏண்டி, உங்க ஊர்ப் பொம்பளைங்க பூராவும் சீரியல் பைத்தியம்னு சொல்வியே, சித்தியையே கவுத்துட்டீங்களே?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே ஒரு நினைப்பு இருக்கிறது பாருங்கள். சீரியல் பார்க்கிறவளுக்கு நடிகை வேறு, அவர் போட்ட வேஷம் வேறு என்று பிரிக்கத் தெரியாது. 'சித்தி' தொடரில் ராதிகா போட்ட சாரதா நல்லவள், ஆகவே ராதிகாவுக்கு ஓட்டு விழும். கட்சிக்காரர்களில் சிலருக்கும் இந்தக் கணக்கு இருந்திருக்கலாம். சீரியலை வைத்து மீம் போடுகிற பையன்களுக்கு நிச்சயமாக இருக்கிறது.

என் பெரியம்மாவோடும் மதினியோடும் ஒரு வாரம் உட்கார்ந்து டிவி பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். சீரியலை இவர்கள் அளவுக்குக் கறாராகப் பார்க்கிற விமர்சகர் எந்தப் பத்திரிகையிலும் இல்லை என்பது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்த நீளப் பதிவு. டீ போட்டுக்கொண்டு வந்து உட்காருங்கள்.

மத்தியானச் சீரியல் என்றாலே வீட்டில் சும்மா இருக்கிறவர்கள் பார்ப்பது என்று ஒரு பேச்சு உண்டு. எங்கள் பக்கம் மத்தியானத்தில் சும்மா இருக்கிற பெண்ணைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். காலையிலேயே பயர் ஆபீஸ் வேன் வந்து தெருமுனையில் நின்று ஹாரன் அடிக்கும். (வெளியூர்க்காரர்களுக்கு: பட்டாசு ஆலையை இங்கே பயர் ஆபீஸ் என்போம். தீப்பெட்டி ஆபீஸ், அச்சாபீஸ் எல்லாம் அதே வரிசை. நான் இருப்பது அச்சாபீஸில், கணக்கு எழுதுகிற மேசையில்.) சாத்தூர், வெம்பக்கோட்டை, திருத்தங்கல் என்று சுற்றுவட்டாரம் பூராவும் காலை நேரத்து ரோடு வேன்களால் நிறைந்திருக்கும்.

உள்ளே போன் கொண்டுபோகக் கூடாது. ஒரு ரூமில் நாலு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை பார்க்கக் கூடாது. இரண்டும் விதி, இரண்டுக்கும் காரணம் வெடிமருந்து. ஆக, சாயங்காலம் வரைக்கும் நாலு பெண்கள், திறந்து கிடக்கிற கதவு, கையில் திரியோ சக்கரமோ. பொழுதுபோக்கு என்றால் பேச்சு ஒன்றுதான். அந்தப் பேச்சில் பாதி சீரியல்.

மதினியின் ரூமில் ஒரு அக்கா இருக்கிறார். கதை சொல்கிற பொறுப்பு அவருடையது. யாரும் கொடுத்ததில்லை, தானாக அமைந்துவிட்டது. முந்தின நாள் ராத்திரி பிள்ளைக்குக் காய்ச்சல், கரண்ட் போயிருச்சு, அசதியில் கண்ணை மூடிவிட்டேன் என்று எபிசோடை விட்டவர்களுக்காக அவர் சொல்ல ஆரம்பித்தது. இப்போது பார்த்தவர்களும் கேட்கிறார்கள். இருபது நிமிஷ எபிசோடில் கதையென்று நகர்ந்தது ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். அந்த ரெண்டு நிமிஷத்தை அரை மணி நேரம் சொல்வாராம். மாமியார் குரலில் பேசுவார், வில்லி புருவத்தைத் தூக்குவார், நடுநடுவே "இவளுக்கெல்லாம் வேற வேலையே இல்லையாத்தா?" என்று விமர்சனமும் போடுவார். தனக்குப் பிடிக்காத கிளைக்கதையைச் சத்தம் காட்டாமல் வெட்டிவிடுவார். மந்திரவாதி வருகிற காட்சி எதுவும் அவர் கதையில் வந்ததே கிடையாதாம். அடுத்து என்ன நடக்கும் என்றும் சொல்வார். பெரும்பாலும் அப்படியே நடக்கும். "வெள்ளிக்கெழம உண்மை தெரியப்போற மாதிரிக் காட்டுவாக. சனிக்கெழம எவளாச்சும் மயங்கி விழுந்துருவா. திங்கக்கெழம டாக்டர் வந்து கதைய மாத்திருவாரு." இந்த ஒரு சூத்திரத்தை வைத்தே தமிழ்ச் சீரியலில் முக்கால்வாசியை முன்கூட்டிச் சொல்லிவிடலாம். அவர் படித்தது எட்டாவது வரை.

பெரியம்மா கதை வேறு. அவர் வீட்டிலேயே குழாய் உருட்டுகிறவர். மருந்து போடாத வெறும் காகிதக் குழாய், அதனால் வீட்டில் வைத்துச் செய்யலாம். பசைக் கிண்ணம் ஒரு பக்கம், காகிதக் கட்டு ஒரு பக்கம், எதிரே டிவி. மத்தியானம் பூரா டிவி ஓடும். ஆனால் அவர் அதைப் பார்ப்பது குறைவு, கேட்பதுதான் அதிகம். "டொய்ங்" என்று மியூசிக் அடித்தால் மட்டும் தலையை நிமிர்த்துவார். யார் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள் என்று பார்த்துவிட்டுத் திரும்பக் குனிந்துகொள்வார்.

சீரியலில் ஏன் எல்லாரும் பேரைச் சொல்லிச் சொல்லிப் பேசுகிறார்கள், நேற்று நடந்ததை ஏன் இன்றைக்கு இன்னொருத்தரிடம் முழுசாகத் திரும்பச் சொல்கிறார்கள், மியூசிக்கை ஏன் அப்படிப் போட்டு அடிக்கிறார்கள் என்று கேலி செய்பவர்கள், ஒரு நாள் பெரியம்மா பக்கத்தில் உட்கார்ந்து குழாய் உருட்டிப் பார்க்க வேண்டும். இந்த வடிவமே கைவேலை நிற்காதவர்களுக்காகப் பிறந்தது. 1930களில் அமெரிக்க ரேடியோவில் பகல் நேரத் தொடர்களை எழுத ஆரம்பித்த இர்னா ஃபிலிப்ஸ் என்ற பெண்மணிக்குத் தெரியும், கேட்கிறவள் துவைத்துக்கொண்டோ சமைத்துக்கொண்டோதான் இருப்பாள் என்று. சோப்புக் கம்பெனிகள் காசு போட்டதால் சோப் ஆப்பரா என்று பெயர் வந்தது. அவர் 1937இல் ரேடியோவில் தொடங்கிய 'கைடிங் லைட்' பிறகு டிவிக்கு வந்து 2009 வரைக்கும் ஓடியது. நம்ம ஊரில் மட்டும்தான் இழுக்கிறார்கள் என்று யாரும் வருத்தப்பட வேண்டாம்.

மத்தியானச் சீரியலுக்கு ஆயுசு கெட்டி என்பது நம் அனுபவமும்தான். சன் டிவியில் 'சந்திரலேகா' 2014இல் தொடங்கி 2022 வரைக்கும், 2,000 எபிசோடைத் தாண்டி ஓடியது. ராத்திரி எட்டு மணி, ஒன்பது மணிச் சீரியல்களைப் பற்றி யூடியூபில் அலசுகிறவர்கள் அதைக் கண்டுகொண்டதே இல்லை. பெரியம்மாவுக்கு அது ஒரு குழாய்க்கட்டு முடிகிற நேரம், அவ்வளவுதான். முடிந்துபோன அன்றைக்கு, "அப்பாடா, அந்தப் புள்ளைக்கு இனிமேலாச்சும் ரெஸ்ட்டு" என்றார். அவர் சொன்னது கதாபாத்திரத்தை அல்ல, எட்டு வருஷமாக அதே செட்டில் அழுதுகொண்டிருந்த நடிகையை.

கேட்டுக் கேட்டுப் பழகியதால் பெரியம்மாவின் காது அபாரம். ஒரு தடவை நயன்தாரா படம் ஓடிக்கொண்டிருந்தது. குனிந்த தலை நிமிராமல், "இது கோலங்கள் உஷால்ல பேசுறா" என்றார். உண்மைதான். 'கோலங்கள்' தொடரில் தேவயானிக்குத் தோழியாக, உஷாவாக வந்த தீபா வெங்கட்தான் நயன்தாராவுக்குப் பல படங்களில் குரல் கொடுத்தவர். நான் கூகுளில் தேடிச் சொன்னபோது பெரியம்மா அதைப் பெரிய விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

நடிகர்களைப் பற்றி இவர்கள் வைத்திருக்கிற அபிப்பிராயத்துக்கு வருகிறேன். திட்டுவது என்பது இவர்களிடம் ஒரு பாராட்டு. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை ஓடியபோது மாணிக்கமாக வந்த சேத்தனை எங்கள் தெருவே கரித்துக் கொட்டியது. கொரோனா ஊரடங்கில் 2020இல் சன் டிவி அதை மறுபடி போட்டபோது, புதிதாகப் பார்க்கிற மாதிரியே மறுபடியும் கரித்துக் கொட்டினார்கள். 'விடுதலை' படத்தில் அவர் போலீஸ் அதிகாரியாக வந்து கொடுமை செய்தபோது மதினி தியேட்டரிலேயே, "பாத்தியா, இந்த ஆளு அன்னைக்கே அப்படித்தான்" என்றார். வீட்டுக்கு வரும் வழியில் அதே வாயால், "என்னமா நடிக்கிறான்யா. பொண்டாட்டி தேவதர்ஷினி எம்புட்டுக் காமெடி பண்ணும், இவன் நேர் எதிர்" என்றும் சொன்னார். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து நடித்த 'மர்மதேச'த்து விடாது கருப்பு வரைக்கும் பேச்சு போனது. நடிகர் வேறு, வேஷம் வேறு என்று தெரியாதவர்கள் பேசுகிற பேச்சா இது?

நடிகர் மாரிமுத்து விஷயத்தில் இது இன்னும் நன்றாகத் தெரிந்தது. 2022இல் தொடங்கிய 'எதிர்நீச்சல்' தொடரில் அவர்தான் ஆதி குணசேகரன். தேனி மாவட்டம் வருசநாட்டுப் பக்கத்துக்காரர், சினிமாவில் இரண்டு படம் இயக்கியவர். குணசேகரனோ, படித்த பெண்களை மருமகளாகக் கொண்டுவந்து அடுப்படியில் பூட்டுகிற அண்ணன். "இந்தாம்மா ஏய்" என்று அவர் ஆரம்பித்தால் எங்கள் வீட்டில் எல்லாரும் கூடவே சொல்வார்கள். அந்தத் தொடரில் நாலு மருமகள்களும் அடுப்படியில் கூடிப் பேசுகிற காட்சிகள்தான் உயிர் என்று நினைக்கிறேன். மதினிக்கும் அப்படித்தான். "எங்க ரூமு மாதிரியே இருக்கு. நாலு பேரு, கையில வேலை, வாயில ஊர்க்கதை" என்பார்.

2023 செப்டம்பர் 8ஆம் தேதி, அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்த இடத்தில் நெஞ்சுவலி வந்து மாரிமுத்து இறந்துபோனார். சாயங்காலம் வேன் வந்து நின்றபோது எல்லாருக்கும் செய்தி தெரிந்துவிட்டிருந்தது. ஒன்றரை வருஷமாக "நீ நாசமாப் போவே" என்று தினமும் சாபம் விட்ட பெண்கள், "பாவம், நல்ல மனுசன். சின்ன வயசு" என்று சொல்லிக்கொண்டு இறங்கினார்கள். சாபம் குணசேகரனுக்கு, இரக்கம் மாரிமுத்துவுக்கு. இரண்டும் கலக்கவில்லை.

அவருக்குப் பதிலாக வந்தவர் வேல ராமமூர்த்தி. கமுதிப் பக்கத்துப் பெருநாழிக்காரர், அருப்புக்கோட்டைக்குக் கிழக்கே போனால் வந்துவிடும். 'குற்றப் பரம்பரை' நாவலை எழுதியவர், எங்கள் மண்ணின் பெரிய எழுத்தாளர்களில் ஒருவர். நான் அவரைப் படித்திருக்கிறேன் என்பதால் எனக்கு ஒரே பெருமை. ஆனால் மதினி ரூமின் தீர்ப்பு அந்த அக்கா வாயால் இரண்டே வாரத்தில் வந்துவிட்டது. "இவரு நெசமாவே அடிச்சிருவாரு போலருக்கு. அவரு அடிப்பேன்னு சொல்லும்போது சிரிப்பு வரும்." யோசித்துப் பார்த்தால் இதைவிடச் சுருக்கமாக அந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. மாரிமுத்துவின் குணசேகரனிடம் ஒரு அசட்டுத்தனம் ஒட்டிக்கொண்டிருந்தது. தான் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்று தெரியாத ஆளின் வீறாப்பு. வேல ராமமூர்த்தியின் முகத்தில் அதற்கு இடமே இல்லை; அது துப்பாக்கி தூக்குகிற முகம். தப்பு அவருடையது இல்லை. வேறொருவர் உடம்புக்குத் தைத்த சட்டையை அவருக்குப் போட்டுவிட்டார்கள்.

'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போட்டால் நம் மக்கள் எதையும் ஏற்றுக்கொள்வார்கள் என்று கிண்டல் செய்வார்கள். ஏற்றுக்கொள்கிறார்கள்தான், ஆனால் மறப்பதில்லை. 'பாண்டியன் ஸ்டோர்ஸ்' முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபிறகு வந்தவரும் நன்றாகத்தான் செய்தார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் முல்லை என்றால் சித்ராதான்.

எழுதுகிறவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பதிவை முடித்தால் எனக்குத் தூக்கம் வராது. சினிமாவில் கதை யார், வசனம் யார் என்று சின்னப் பையனுக்கும் தெரியும். சீரியலில் அந்தப் பெயர்கள் டைட்டில் பாட்டோடு ஓடிப்போகின்றன. 'மெட்டி ஒலி'க்கு வசனம் எழுதிய பாஸ்கர் சக்தி நல்ல சிறுகதைக்காரர்; அவர் கதைதான் 'அழகர்சாமியின் குதிரை' என்று படமாக வந்தது. அந்த ஐந்து பெண்களும் டெல்லி குமாரும் பேசுவது நம் வீட்டுப் பேச்சு மாதிரி இருந்ததற்கு அந்தப் பேனா ஒரு காரணம். 'எதிர்நீச்ச'லில் இயக்குநர் திருச்செல்வத்தோடு சேர்ந்து வசனம் பார்த்த ஸ்ரீவித்யாவின் பெயரை மதினிக்குத் தெரியாது. ஆனால், "இத ஒரு பொம்பளதான் எழுதியிருக்கணும்" என்று முதல் மாதமே சொல்லிவிட்டார். அந்த நாலு மருமகள்களில் நந்தினி அடுப்படியில் முணுமுணுக்கிற விதத்தை ஆம்பளையால் எழுத முடியாதாம். மர்மதேசத்தை எழுதிய மதுரை இந்திரா சௌந்தர்ராஜன் 2024 நவம்பரில் காலமானபோது, கருப்பு இரவில் குதிரையில் வருகிற காட்சியைப் பெரியம்மா நேற்றுப் பார்த்தது போலச் சொன்னார். எழுத்து நன்றாக இருந்தால் இருபத்தைந்து வருஷம் நிற்கிறது.

மோசமாக இருந்தாலும் நிற்கிறது, அதுவும் சரிதான். 'பாரதி கண்ணம்மா'வில் ஒரு டிஎன்ஏ டெஸ்ட் எடுத்தால் முடிந்துபோகிற சந்தேகத்தை வருஷக்கணக்கில் ஓட்டினார்கள். கதாநாயகன் வேறு டாக்டர்! 'சிறகடிக்க ஆசை'யில் ரோகிணியின் பொய் இதோ வெளிவரப்போகிறது, இதோ வெளிவரப்போகிறது என்று காட்டிக் காட்டி எங்கள் பொறுமையைச் சோதித்தார்கள். இதற்கு எழுதுகிறவரை மட்டும் திட்டிப் பிரயோஜனமில்லை. வியாழக்கிழமை வருகிற டிஆர்பி எண்தான் அடுத்த வாரக் கதையை எழுதுகிறது. கல்யாணம் நெருங்க நெருங்க எண் ஏறினால் கல்யாணத்தைத் தள்ளிப்போடுவார்கள். 'கயல்' பார்த்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வாரத்துக்கு ஆறு நாள், வருஷம் பூரா, காலையில் எழுதி மத்தியானம் எடுக்கிற நிலைமையில் எந்த மேதையும் சறுக்குவான்.

ஆனால் இரண்டு விஷயத்தை எங்கள் ஊர்ப் பெண்கள் மன்னிப்பதே இல்லை. டிஆர்பி சமாதானம் அங்கே எடுபடாது.

ஒன்று, வேலை. சீரியலில் யாருக்குமே வேலை நடப்பதில்லை. கம்பெனி என்று ஒன்று இருக்கும். எம்டி என்று ஒருவர் கோட்டுப் போட்டு இருப்பார். ஃபைலில் கையெழுத்துப் போடுவார்கள். என்ன செய்கிறார்கள், யாருக்கு விற்கிறார்கள், சனிக்கிழமை சம்பளம் எவ்வளவு என்று மூச்சே கிடையாது. 'சிங்கப்பெண்ணே' 2023இல் தொடங்கியபோது ரூமில் ஒரே ஆர்வம். கிராமத்தில் இருந்து வந்து கார்மெண்ட்ஸில் வேலை பார்க்கிற பெண் ஆனந்தி. நம்ம பிள்ளை. கொஞ்ச நாள் போனதும் அக்கா கேட்டாராம்: "அந்தக் கம்பெனியில பீஸு எப்பத்தான் ஏத்துமதி ஆகுது? எந்நேரமும் மிசினை விட்டுட்டுக் கும்பலா நின்னு பஞ்சாயத்துக் கேட்டுக்கிட்டு நிக்கிறாளுக. எங்க ஃபோர்மேனா இருந்தா எல்லாத்தையும் வேன்ல ஏத்தி வீட்டுக்கு அனுப்பிருப்பாரு." குழு லோன் கட்டுகிற நாயகியை நான் எந்தத் தொடரிலும் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் வாரத்தில் ஒரு நாள் அந்த ஒரு விஷயத்துக்காகவே விடிகிறது. 'கோலங்கள்' அபியின் மேல் இவர்களுக்கு இன்றைக்கும் உள்ள மரியாதைக்குக் காரணம் அவள் அழுதது அல்ல. 1,533 எபிசோடில் அவள் கட்டடம் கட்டினாள், கூலி கொடுத்தாள், பணத்துக்கு அலைந்தாள். 'சிறகடிக்க ஆசை' மீனா பூக்கட்டி விற்பதும் அப்படித்தான். அந்தக் காட்சிகளில் மட்டும் பெரியம்மா கையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறார்.

இன்னொன்று, தீ. கதையில் ஒரு நடிகை விலகிவிட்டால் வீடு தீப்பிடிக்கும், சிலிண்டர் வெடிக்கும், கார் எரியும். முகம் முழுக்கக் கட்டுப் போட்டுப் படுத்திருப்பாள். பிளாஸ்டிக் சர்ஜரி. கட்டைப் பிரித்தால் புதிய நடிகை, புருவம் கூடக் கலையாமல். மற்ற ஊர்களில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எங்கள் வீட்டில் மதினி ரிமோட்டை எடுத்துச் சேனலை மாற்றிவிடுவார். 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி, 2021 பிப்ரவரி அச்சங்குளம், 2024 மே செங்கமலப்பட்டி என்று பட்டாசு ஆலை விபத்துகளைத் தேதி சொல்லி நினைவு வைத்திருக்கிற ஊர் இது. சிவகாசி ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டுக்குத் துணைக்குப் போய் உட்கார்ந்தவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். அந்தத் தோல் எப்படி இருக்கும், எத்தனை மாதம் ஆகும், விரல் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். நடிகை மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு கார்டு போட்டுவிட்டுப் போங்கள், எங்களுக்கு ஒரு வருத்தமும் இல்லை. தீயை வைத்து அதைச் செய்யாதீர்கள்.

சரி, தோழியின் கேள்விக்குப் பதில்.

'சித்தி' 1999 டிசம்பரில் இருந்து 2001 நவம்பர் வரை ஓடியது. அந்த நேரத்தில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது எல்லாம் நிஜம். அதற்குப் பிறகு அண்ணாமலை, செல்வி, அரசி, செல்லமே, வாணி ராணி என்று ஏறத்தாழ இருபது வருஷம் ராதிகா எங்கள் வீட்டுக்குள் இருந்தார். பூமணி இயக்கிய 'கருவேலம் பூக்க'ளில், தீப்பெட்டி ஆபீசுக்குப் பிள்ளைகளை அனுப்புகிற எங்கள் கரிசல்காட்டுக் குடும்பத்துத் தாயாகக்கூட அவர் நடித்திருக்கிறார். தொகுதியில் அதை ஞாபகம் வைத்திருந்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் படம் பெரிது. 2020இல் 'சித்தி 2' வந்தபோது பெரியம்மா ஆசையாக உட்கார்ந்தார். அடுத்த வருஷமே ராதிகா அரசியல் வேலை இருக்கிறது என்று தொடரில் இருந்து விலகினார். சித்தி இல்லாமலே சித்தி ஓடியது. "அவுகளுக்கு இதவிட அதுதான் முக்கியம்னா அதையே பாக்கட்டும்" என்று பெரியம்மா சொன்னார். கோபமில்லை, ஒரு கணக்கை மூடுகிற குரல்.

தேர்தலில் கூட்டணிக் கணக்குதான் முதலில். அதைவிட்டுச் சீரியலை வைத்து முடிவைச் சொல்ல நான் கிறுக்கு இல்லை. ஆனாலும் திரை முகங்களை இந்த மண்ணுக்குப் பிடிக்காது என்றும் சொல்ல முடியாது. 1977இல் எம்ஜிஆர் முதலமைச்சரானது அருப்புக்கோட்டையில் ஜெயித்துத்தான். கண்ணை மூடிக்கொண்டு பக்தி செலுத்துகிற மண் என்றும் சொல்ல முடியாது. 1967இல் சொந்தப் பிள்ளை காமராஜரையே விருதுநகரில் 1,285 ஓட்டில் தோற்கடித்தார்கள்.

வடக்கே தூர்தர்ஷன் ராமாயணத்தில் சீதையாக வந்த தீபிகா பரோடாவிலும், ராவணனாக வந்த அர்விந்த் திரிவேதி சபர்கந்தாவிலும் 1991இல் ஒரே கட்சியில் நின்று ஜெயித்தார்கள். சீதையும் ராவணனும் ஒரே பெஞ்சில்! ராமராக வந்த அருண் கோவில் 2024இல் மீரட்டில் ஜெயித்தார். அதே நாளில், மருமகள் துளசியாக நாட்டுக்கே தெரிந்த ஸ்மிருதி இரானி அமேதியில் தோற்றார். சாமி வேஷம் ஜெயிக்கும், குடும்ப வேஷம் தோற்கும் என்று ஒரு சித்தாந்தம் கட்ட ஆசையாகத்தான் இருக்கிறது. 2019இல் அதே ஸ்மிருதி ராகுலையே ஜெயித்தவர் என்பது அதைக் கெடுத்துவிடுகிறது. ஆனாலும் சொல்கிறேன்: சாமியை வாரத்துக்கு ஒரு நாள், குளித்துவிட்டுப் பார்த்தோம். சித்தியைத் தினமும் ராத்திரி, அடுப்பைத் துடைத்துவிட்டு வந்து பார்த்தோம். வீட்டு மனுஷியிடம் நிறையும் தெரியும் குறையும் தெரியும், கிட்ட நின்று கேள்வி கேட்கத் தோன்றும். பட்டாசுத் தொழிலுக்கு என்ன செய்வீர்கள், 2018இல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும் பேரியத்துக்கும் போட்ட தடைக்கு என்ன வழி என்று. அதற்குச் சாரதாவால் பதில் சொல்ல முடியாது, வேட்பாளர்தான் சொல்ல வேண்டும். இதைப் பிரசாரம் நடந்த நாட்களிலேயே பெரியம்மா, "சித்தியைத் தெரியும், ஓட்டு வேற" என்று நாலே வார்த்தையில் முடித்துவிட்டார். யாருக்குப் போட்டார் என்று கேட்டேன். "அத எதுக்கு ஒங்கிட்டச் சொல்லணும்?"

கடைசியாக ஒன்று. இத்தனை பெண்கள் பார்க்கிற சீரியலில் ஒரு பயர் ஆபீஸ் கதை ஏன் வரவில்லை என்று எனக்கு ரொம்ப நாளாகக் கேள்வி. சினிமாவில் வசந்தபாலன் 2006இல் 'வெயில்' எடுத்து விருதுநகரைக் காட்டிவிட்டார். சீரியலில் திருமுருகன் 'நாதஸ்வர'த்துக்காகக் காரைக்குடிக்கே போய்க் கேமராவை வைத்தார். எங்களிடம் கதைக்கா பஞ்சம்? லைசென்ஸ் பிரச்சினை, தீபாவளி போனஸ், வேனில் முளைக்கிற காதல், ஒரே ரூமில் மாமியாரும் மருமகளும். நிஜ ஆலைக்குள் ஷூட்டிங் நடத்த முடியாது என்பது புரிகிறது, செட் போட்டுக்கொள்ளட்டும். ஒரு நல்ல வசனகர்த்தாவை மதினி ரூமுக்கு வெளியே ஒரு மாதம் உட்காரவைத்தால் ஆயிரம் எபிசோடு எழுதலாம் என்று ஒரு நாள் ராத்திரிச் சாப்பாட்டின்போது ஆவேசமாகச் சொன்னேன்.

மதினி சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். "பகல் பூரா அங்கதான இருக்கோம், ராத்திரியும் அதையேவா பாக்கணும்? நல்ல சேலை கட்டுனவளாப் பாத்து நாலு பேரக் காட்டச் சொல்லு." பெரியம்மாவும் அதற்குத் தலையாட்டினார்.